அயர்லாந்துத் திருச்சபையும் குழந்தைகளின் பாதுகாப்பும்

அயர்லாந்தின் தென்பகுதியில், கார்க் மாவட்டத்தின் வடக்கையும் கிழக்கையும் தன் எல்லைக்குள் அடக்கி, கோவ் துறைமுகத்து மேட்டின்மீது கடலை நோக்கி எழுந்து நிற்கும் புனித கோல்மன் பேராலயத்தைத் தன் பீடமாகக் கொண்ட கிளாய்ன் என்னும் மேற்றிராசனத்தை, உலகத்துக் கத்தோலிக்கரிற் பெரும்பாலோர் 2008ஆம் ஆண்டுவரை பெயரளவிற்கூட அறிந்திருக்க நியாயமில்லை. அதன் மேற்றிராணியாராக 1987 முதல் வீற்றிருந்த ஜான் மகீ, ஆறாம் சின்னப்பர், முதலாம் அருள் சின்னப்பர், இரண்டாம் அருள் சின்னப்பர் என்னும் மூன்று பாப்பரசர்களுக்கும் அடுத்தடுத்து அந்தரங்கச் செயலாளராக ஊழியம் புரிந்த பெருமைக்கு உரியவர். குழந்தைகளிடத்துப் பாலியல் குற்றம் இழைத்ததாகச் சொல்லப்படும் குருமாரின் விஷயத்தில் யாது செய்ய வேண்டும் என்று அயர்லாந்து மேற்றிராணிமார் 1996ஆம் ஆண்டிலேயே கூடி விதி வகுத்திருந்தனர். அவ்விதிகளைக் கிளாய்னும் ஏற்றுக்கொண்டிருந்தது. இருந்தும், அரசாங்கம் நியமித்த விசாரணைக் குழு, 1996 முதல் 2009 வரை அம்மேற்றிராசனத்துக்கு வந்த முறைப்பாடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2011 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையில், காவல்துறைக்குத் தெரிவித்தே இருக்க வேண்டிய 15 முறைப்பாடுகளில் 9 தெரிவிக்கப்படவே இல்லை என்று கண்டது. விதி பிறந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்று, 2008 வரும்வரையில், மேற்றிராணியார் இவ்விஷயத்தில் காட்டிய சிரத்தை மிகச் சொற்பம் என்றும் அது எழுதிற்று.

விதி இல்லாமையால் நேர்ந்த தீங்கை ஒரு விதி செய்து திருத்திவிடலாம்; விதி எழுதப்பட்டு, ஒப்புக்கொள்ளப்பட்டு, அலுவலகத்தில் பத்திரமாக வைக்கப்பட்டிருந்த இடத்திலேயே தீங்கு தொடர்ந்து நிகழ்ந்ததென்றால், அதற்குரிய காரணத்தை விதிக்கு வெளியிலேதான் தேட வேண்டும். திருச்சபை தன் குழந்தைகளைக் காக்கும் வழி யாது என்று சிந்திக்கும் எவருக்கும், தேவாலய வாசலில் ஒட்டப்படும் அறிக்கைகளைக் காட்டிலும் கிளாய்னின் சரித்திரம் அதிகம் கற்பிக்கும் என்பது என் துணிபு. ஒரு ஸ்தாபனத்தின் கீர்த்தியோடு தம் கீர்த்தியையும் பிணைத்துக்கொண்டவர்கள், அந்த ஸ்தாபனத்தின்மீது வரும் குற்றச்சாட்டைத் தாமே தீர விசாரிக்க வல்லவர் ஆகார். அவர்கள் தீயவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, பக்தியும் நல்லெண்ணமும் உடையவர்களாக இருந்தும் ஆகார். அயர்லாந்தின் ஐம்பது ஆண்டு அநுபவம் இதனையே திரும்பத் திரும்ப மெய்ப்பித்திருக்கிறது.

1960ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை, டப்ளின் அதிமேற்றிராசனத்தைப் பற்றி நீதிபதி இவோன் மர்ஃபி தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை விவரமாகப் பதிவு செய்திருக்கிறது. டப்ளின் நகரத்துக் கிரம்லின் என்னுமிடத்திலுள்ள குழந்தைகள் மருத்துவமனையில் ஆன்ம ஊழியம் புரிந்துவந்த குரு ஒருவர், புகைப்படச் சுருள் ஒன்றைக் கழுவுவதற்காக இங்கிலாந்திலுள்ள கோடாக் நிறுவனத்துக்கு அனுப்பினார். அதில் பத்துப் பதினொரு வயதுச் சிறுமியர் இருவரின் தகாத படங்கள் இருக்கக் கண்ட நிறுவனத்தார் லண்டன் காவல்துறையிடம் சொல்ல, அங்கிருந்து விஷயம் அயர்லாந்துக் காவல்துறையின் தலைமை ஆணையரை வந்தடைந்தது. ஓர் அந்நிய நாட்டு வியாபார நிறுவனமும், ஓர் அந்நிய நாட்டுக் காவல்துறையும் தம் கடமையைச் செவ்வனே செய்து முடித்த அந்தக் கட்டத்திலே, சொந்த நாட்டுக் காவல்துறையின் தலைவர் அதனை வழக்காகப் பதிந்தாரில்லை. அதிமேற்றிராணியார் ஜான் சார்லஸ் மெக்குவெய்டை நேரிற் கண்டு, அவர் கையிலே ஒப்படைத்துவிட்டார். குரு தம் செயலை ஒப்புக்கொண்டார். திருச்சபைச் சட்டப்படி இது குற்றமாகாது என்று அதிமேற்றிராணியார் தீர்மானித்து, அவரை ஒரு மருத்துவரிடம் அனுப்பிவைத்தார். குருவின் ஊழியம் தொடர்ந்தது. அதே ஆண்டில், அதே மருத்துவமனையில், அதே குருவின் கையில் அகப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுமிதான், பிற்காலத்தில் இவ்விஷயத்துக்காகவே பல்லாண்டு போராடிய மேரி காலின்ஸ் அம்மையார். அந்தக் குருவுக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது 1997இல். இடையிலே கழிந்தவை முப்பத்தேழு ஆண்டுகள்.

இங்கே நான் முக்கியமாகக் கவனிப்பது அதிமேற்றிராணியாரின் தீர்மானத்தை அன்று. காவல்துறைத் தலைவரின் நடையை. வெளியார் என்று சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். சட்டம் அவர் பக்கம் இருந்தது. சான்று அவர் கையில் இருந்தது. ஆயினும் மனத்தளவில் அவர் வெளியார் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் நிலமும் மொழியும் உரிமையும் இழந்து நின்ற ஒரு ஜனசமூகத்துக்குத் தன்மானத்தின் கடைசிப் புகலிடமாக விளங்கிய திருச்சபை, சுதந்திரம் கிடைத்தபின் பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் அநாதை விடுதியையும் ஒருங்கே நடத்தும் பேரமைப்பாக வளர்ந்தது. அத்தகைய தேசத்தில் மேற்றிராணியாரின் மோதிரத்தை முத்தமிட மண்டியிடுவது சமூக வழக்கம். அதிகாரியும் அமைச்சரும் அவ்வழக்கத்துக்குப் புறம்பானவர் அல்லர்.

அயர்லாந்தின் தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் நடந்தவற்றைப் பத்தாண்டு விசாரித்து, நீதிபதி ஷான் ரயன் தலைமையிலான ஆணைக்குழு 2009 மே மாதத்தில் ஐந்து சம்புடங்களாக வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. ஏழ்மையாலும் பெற்றோரின் மரணத்தாலும் நீதிமன்ற உத்தரவின் பேரில் அடைக்கப்பட்ட பிள்ளைகள், டப்ளினுக்கடுத்த ஆர்ட்டேனிலும் மேற்குக் கடற்கரையின் லெட்டர்ஃபிராக்கிலும் கிறிஸ்தவ சகோதரர் சபையாரிடமும், கோல்டன்பிரிட்ஜில் இரக்கத்தின் கன்னியாஸ்திரீகளிடமும் வளர்ந்தார்கள். பட்ட துன்பங்களை அந்தரங்கமாகக் கேட்பதற்கென்று நியமித்த குழுவின் முன்னிலையில் 1,090 ஆடவரும் பெண்டிரும் வந்து, 200க்கும் மேற்பட்ட நிலையங்களைக் குறித்துச் சாட்சி சொன்னார்கள். இந்நிலையங்களைப் பார்வையிடக் கல்வி இலாகாவின் பரிசோதகர்கள் இருந்தார்கள். ஆனால் அவ்விலாகா துறவற சபைகளிடத்துக் கொண்டிருந்த பயபக்தி பரிசோதனை என்னும் தொழிலையே பொருளற்றதாக்கிவிட்டது என்பதே அறிக்கையின் தீர்ப்பு. வருகை முன்னறிந்ததாகவும், பிள்ளைகளோடு பேசுதல் அரிதாகவும் இருந்தால், பரிசோதகர் கண்டு செல்வது கழுவித் துடைத்த தரையை மாத்திரமே. ஆதலால், வெளியார் ஒருவர் வேண்டும் என்று சொல்வதோடு நாம் நின்றுவிட முடியாது. வணங்காத வெளியார் வேண்டும்.

உள்ளே நடக்கும் விசாரணை எத்தன்மையது என்பதற்கு 1975ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைக் காட்டலாம். நார்பெர்ட் சபைத் துறவியான பிரெண்டன் ஸ்மித் என்பவர் தன்னைக் கெடுத்ததாகப் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் சொல்லத் துணிந்தான். குருமார் மூவர் அவனை ஓர் அறையில் இருத்தி விசாரித்தனர். உடன்வந்த தகப்பனார் வெளியே நிறுத்தப்பட்டார். இப்படிப் பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய வேறு பிள்ளைகளின் பெயர்களையும் அச்சிறுவன் கூறினான். விசாரணை முடிவில், இங்கே பேசியதை அநுமதி பெற்ற குருவிடமன்றி வேறெவரிடமும் சொல்வதில்லை என்று அவனிடம் பிரமாணம் வாங்கப்பட்டது. அவன் பெயர் சொன்ன பிள்ளைகளின் பெற்றோருக்கும் காவல்துறைக்கும் தகவல் போகவில்லை. ஸ்மித் மேலும் பல ஆண்டுகள் பிள்ளைகளிடையே உலவினார். அன்று அவ்விசாரணையின் குறிப்புகளை எழுதிய இளங்குருதான், பின்னாளில் அயர்லாந்து முழுவதற்கும் தலைமை வகித்த கர்தினால் ஷான் பிரேடி. சிறுவன் சொன்னதை அவர் நம்பினார்; மேலதிகாரியிடம் சேர்ப்பித்ததோடு தம் கடமை தீர்ந்ததென்று எண்ணினார். நம்பியபின்னும் இவ்வாறு எண்ணும்படி ஒரு மனிதரைப் பயிற்றுவித்த அமைப்பு யாது என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

அந்த ஸ்மித்தின் வழக்கே நாட்டின் மௌனத்தை உடைத்தது. அவரை வட அயர்லாந்து நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கும் கோரிக்கை டப்ளினில் அட்டர்னி ஜெனரலின் அலுவலகத்தில் பல மாதங்கள் அசையாது கிடந்தது வெளிப்பட்டு, அதே அட்டர்னி ஜெனரலை உயர்நீதிமன்றத் தலைவராகப் பிரதமர் ஆல்பர்ட் ரெனால்ட்ஸ் உயர்த்தியதால் மூண்ட கலகத்தில், 1994 நவம்பரில் மந்திரிசபையே கவிழ்ந்தது. 1996இன் விதிகள் பிறந்தது இந்த அதிர்ச்சியின் விளைவாகத்தான். முறைப்பாடு வந்தவுடன் அதனைக் காவல்துறைக்கும் சுகாதார வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றின் உயிர்நிலை.

ஆனால் 1997 ஜனவரி 31இல், டப்ளினிலிருந்த பாப்பரசரின் தூதர் லூச்சியானோ ஸ்தொரேரோ, அயர்லாந்து மேற்றிராணிமார் அனைவருக்கும் அந்தரங்கக் கடிதம் ஒன்று விடுத்தார். அவ்விதித் தொகுப்பு ஓர் ஆராய்ச்சிப் பத்திரமே என்பதும், கட்டாயமாக அரசாங்கத்துக்குத் தெரிவித்தல் என்னும் அம்சம் ஒழுக்க நெறிப்படியும் திருச்சபைச் சட்டப்படியும் ஆட்சேபங்களை எழுப்புகிறது என்பதும் உரோமையிலுள்ள குருமார் பேராயத்தின் கருத்து என்று அது தெரிவித்தது. நாட்டுச் சட்டத்தை மீறும்படி அக்கடிதம் சொல்லவில்லை என்று வத்திக்கான் பிற்காலத்தில் விளக்கம் அளித்தது. அவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், விதிகளைப் பின்பற்ற மனமில்லாத ஒருவருக்கு அக்கடிதம் ஊன்றுகோலாயிற்று என்பதை மறுக்க முடியாது.

கிளாய்னில் அப்படி ஒருவர் இருந்தார். முறைப்பாடுகளைக் கையாளும் பொறுப்பு மேற்றிராணியாரால் விடப்பட்டிருந்த குருமுதல்வர், ஒழுக்கவியலில் கற்றறிந்தவர். விதிகளின் போக்கே தமக்கு உடன்பாடில்லை என்பதை விசாரணைக் குழுவிடம் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இவ்வாறான சமயங்களில் மேய்ப்பருக்குரிய இரக்கம் வேண்டும், கணக்கர்க்குரிய விதிமுறை வேண்டாம் என்பது அவரது மனப்பாங்கு. இவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. வந்தவர்களிடம் அவர் அன்பாகவே பேசியிருக்கக் கூடும். ஆனால் அந்த இரக்கம் ஒரே சமயத்தில் இருவர்மீது பாய வேண்டியிருந்தது. ஒருவர் தாம் பல்லாண்டு அறிந்த சக குரு, மற்றவர் முன்பின் கண்டிராத ஓர் அந்நியர். அத்தகைய தராசில் நிறை எந்தப் பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. இரக்கம் நற்குணந்தான், ஆனால் நாளைக்கு அதே குருவின் முன் நிற்கப்போகும், இன்னும் பெயர் தெரியாத குழந்தையை அது காண்பதில்லை. அக்குழந்தைக்காகப் பேசுவது விதி ஒன்றே. மேற்றிராணியாரோ, குற்றம் சாட்டப்பட்ட ஒரு குருவோடு தாம் நடத்திய ஒரே உரையாடலுக்கு ஒன்றோடொன்று மாறுபட்ட இரு குறிப்புகளை எழுதி, ஒன்றைத் தம் அலுவலகத்திலும் மற்றொன்றை உரோமைக்கென்றும் வைத்திருந்ததைக் குழு கண்டது. விதிகளை முறைப்படி பின்பற்றிவருவதாக அரசாங்கத்துக்கும் சுகாதாரத் துறைக்கும் அவர் தெரிவித்திருந்ததும் உண்மையன்று.

டப்ளினைப் பற்றிய மர்ஃபி அறிக்கை 2009 நவம்பரில் வெளிவந்தது. 1975 முதல் 2004 வரையிலான காலத்தில், மாதிரியாகத் தேர்ந்த 46 குருமாரைப் பற்றி வந்த 320க்கும் அதிகமான முறைப்பாடுகளை அது ஆராய்ந்தது. இரகசியம் காத்தல், இடறலைத் தவிர்த்தல், திருச்சபையின் நற்பெயரைப் பேணுதல், சொத்துகளைப் பாதுகாத்தல் என்னும் இவையே அதிகாரிகளின் கவலைகளாய் இருந்தன. குழந்தைகளின் நலம் இவற்றுக்குப் பின்னே தள்ளப்பட்டது என்று அது முடிவு கட்டிற்று. இம்முடிவுக்கு ஒரு சான்றே போதும். குருமாரின் இத்தகைய குற்றங்களால் நஷ்டஈடு கொடுக்க நேர்ந்தால் உதவும் பொருட்டு, 1987ஆம் ஆண்டில் அதிமேற்றிராசனம் காப்பீடு செய்துகொண்டது. குறைந்தது 17 குருமாரைப் பற்றிய முறைப்பாடுகள் அதற்குள் அதன் தலைவர்களுக்குத் தெரிந்திருந்தன. ஆபத்து உண்டென்று தெரியாதவர் காப்பீடு செய்துகொள்வதில்லை. பணத்தைக் காக்கும் வழியைத் தேடிய அந்த முன்யோசனை, பிள்ளைகளைக் காக்கும் வழியைத் தேடிற்றில்லை. இதனினும் என்னை வருத்துவது, டப்ளின் அதிமேற்றிராணியாராயிருந்த கர்தினால் டெஸ்மண்ட் கானெல் குழுவுக்கு விளக்கிய ஒரு கோட்பாடு: பொய் சொல்லாமலே கேட்பவரைத் தவறாக நம்பவிடும் வண்ணம், உண்மையின் ஒரு பகுதியை உள்ளத்தில் நிறுத்திக்கொண்டு மற்றப் பகுதியை மாத்திரம் வாயாற் கூறலாம் என்பது. நஷ்டஈட்டுக்காக மேற்றிராசனத்தின் பணம் செலவிடப்படுவதில்லை என்று அவர் பத்திரிகைகளுக்குச் சொன்னார். அதற்கு முன் அவ்வாறு ஒரு குருவுக்குக் கடன் கொடுக்கப்பட்டிருந்தது. செலவிடப்படுவதில்லை என்று நிகழ்காலத்தில்தானே சொன்னேன், செலவிடப்பட்டதில்லை என்று சொல்லவில்லையே என்பது அவர் தந்த சமாதானம். அவருக்குப்பின் வந்த அதிமேற்றிராணியார் டியர்மட் மார்ட்டின், பல்லாயிரக்கணக்கான பத்திரங்களைத் தாமாகவே குழுவிடம் ஒப்படைத்தார். அவற்றுள் சிலவற்றைத் தடுக்க 2008இல் கர்தினால் கானெல் உயர்நீதிமன்றம் சென்றதும், பின்பு அம்மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் அக்காலத்துப் பத்திரிகைகள் அறிந்த செய்தி. ஒரே பீடத்தில் அடுத்தடுத்து அமர்ந்த இருவரின் இந்த வேறுபாட்டைக் காணும்போது, மாற்றம் திருச்சபைக்குள்ளிருந்து வராது என்று சொல்லிவிடவும் முடிவதில்லை.

கிளாய்னின் உண்மையை வெளிக்கொணர்ந்ததும் திருச்சபையே நிறுவிய ஓர் அமைப்புத்தான். 2006இல் தோன்றிய தேசியக் குழந்தைப் பாதுகாப்பு வாரியத்தின் தலைமை நிர்வாகியாக 2007இல் அமர்த்தப்பட்ட இயன் எலியட், வட அயர்லாந்தில் குழந்தை நலத்துறையில் பழுத்த அநுபவம் பெற்றவர். கத்தோலிக்கர் அல்லர், பிரெஸ்பிட்டேரியன் பிரிவைச் சேர்ந்தவர். மேற்றிராணியாரின் மோதிரம் அவருக்கு ஓர் ஆபரணம், அவ்வளவே. கிளாய்னின் கோப்புகளைக் கண்ட அவர், அங்கே நடைபெறும் முறை போதாதது மட்டுமன்று, சில அம்சங்களில் அபாயகரமானதுமாகும் என்று எழுதினார். அவ்வறிக்கை 2008 டிசம்பரில் வெளியாயிற்று. 2009 மார்ச்சில் மகீ நிர்வாகத்தினின்று விலகி நின்றார். ஓராண்டுக்குப்பின் அவரது இராஜிநாமா ஏற்கப்பட்டது. 2011 ஜூலை 20இல் பிரதமர் எண்டா கென்னி, தாமும் ஒரு கத்தோலிக்கராயிருந்தும், வத்திக்கானைப் பாராளுமன்றத்தில் கடிந்து பேசினார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எந்த ஐரிஷ் பிரதமரும் கனவிலும் நினைத்திருக்க முடியாத பேச்சு அது. அதே ஆண்டு நவம்பரிலிருந்து, வாரியம் மேற்றிராசனங்களையும் துறவற சபைகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிய அறிக்கைகள் பொதுமக்கள் படிக்கும்படி வெளிவரத் தொடங்கின. அந்த வெளியீடு நூறு விதிகளுக்குச் சமானம் என்பேன். முறைப்பாடுகள் எத்தனை, தெரிவிக்கப்பட்டவை எத்தனை, எந்த நாளில் வந்து எந்த நாளில் தெரிவிக்கப்பட்டன என்பதை நாளைக்குத் தம் பங்கு மக்களே வாசிக்கப்போகிறார்கள் என்று அறிந்த நிர்வாகி, கோப்பை மேசையறையில் பூட்டிவைக்கத் துணியார்.

இன்று அயர்லாந்தின் பங்குகளில் காணும் ஒழுங்குகள் சாதாரணமானவை. சாதாரணமாயிருப்பதே அவற்றின் மேன்மை. பங்கு தோறும் பாதுகாப்புப் பிரதிநிதியாக இல்லறத்தார் ஒருவர் இருக்கிறார். மேற்றிராசனம் தோறும் முறைப்பாடுகளைப் பெற்றுக் காவல்துறைக்கும் குழந்தைகள், குடும்ப நலத்துக்கான அரசு முகவரகத்துக்கும் சேர்ப்பிக்கும் பொறுப்பாளர் இருக்கிறார். பிள்ளைகளோடு பழகும் எவரும், குருவாயினும் பாடகர் குழுவின் ஆசிரியராயினும், காவல்துறையின் பின்புலச் சோதனைக்கு உட்பட்டாக வேண்டும். பூசைக்கு உதவும் சிறுவர் உடைமாற்றும் அறையில் வளர்ந்தவர் ஒருவர் தனித்து அவர்களோடு இருத்தல் கூடாது. வருகைப் பதிவேடு உண்டு. பெற்றோரின் எழுத்துமூலமான சம்மதம் உண்டு. 2017 டிசம்பர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட தீங்கை அறியவரும் குருமார், ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் போலவே, அதனைத் தெரிவிக்கச் சட்டத்தாற் கடமைப்பட்டவர்கள்.

இவ்வொழுங்குகள் குருவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலுள்ள இயல்பான பாசத்தைக் கெடுத்துவிடும், நல்ல குருமாரும் சந்தேக நிழலில் வாழ நேரும் என்னும் துயரம், நேர்மையான குருமாரிடமிருந்தே எழுவதால், அதை அலட்சியம் செய்வது அநியாயம். பொய்க் குற்றச்சாட்டால் ஒரு குருவின் வாழ்வு சிதைந்துபோவதும் கூடாத காரியம் அன்று. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணை முடியும்வரை ஊழியத்தினின்று விலகி நிற்பது தண்டனையன்று என்பதைப் பங்கு மக்களுக்கு ஓயாது எடுத்துச் சொல்லவும், குற்றமற்றவர் என்று தெளிந்தபின் அவரை மதிப்போடு மீளவும் அமர்த்தவும் அதிகாரிகள் கடமைப்பட்டவர்கள்; இப்பகுதியிற் பல இடங்களில் குறை உண்டு. ஆயினும், இரகசிய விசாரணை குற்றவாளியைக் காத்தது போலவே, குற்றமற்றவரின் பெயர் பகிரங்கமாகத் துலங்குவதற்கும் வழியில்லாமற் செய்தது என்பதை நினைவுகூர வேண்டும். தன்மீது வந்த பழியை வெளியார் ஆராய்ந்து நீக்கினார் என்று சொல்லக்கூடிய குரு, தன் மேற்றிராணியார் நீக்கினார் என்று சொல்லும் குருவைவிட உறுதியான நிலத்தில் நிற்பவர்.

பாவசங்கீர்த்தனத்தின் இரகசியத்தைப் பற்றிய விவாதம் இவ்விஷயத்தில் எப்போதும் பெருங்கூச்சலோடு எழுகிறது. ஆஸ்திரேலியாவில் அரச ஆணைக்குழு 2017இல் செய்த பரிந்துரையைத் தொடர்ந்து, சில மாநிலங்கள் தெரிவிக்கும் கடமையினின்று அதற்கும் விலக்கில்லை என்று சட்டம் இயற்றின. முத்திரையை உடைப்பதினும் சிறை செல்வோம் என்று குருமார் பதிலளித்தனர். இருசாராரின் வாதங்களுக்கும் கனம் உண்டு. ஆனால் மேற்சொன்ன அறிக்கைகளில் நான் காண்பது யாதெனில், அதிகாரிகள் மறைத்தவை பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டவை அல்ல. கடிதமாக வந்தவை, தாய்மார் நேரில் வந்து அழுது சொன்னவை, மருத்துவர் எழுதிக் கொடுத்தவை, காவல்துறைத் தலைவர் கையிற் கொடுத்துச் சென்றவை. எந்த முத்திரையும் இல்லாதவை அவை.

உரோமையின் போக்கும் மெல்ல மாறியிருக்கிறது. 2014இல் பாப்பரசர் பிரான்சிஸ் நிறுவிய குழந்தைப் பாதுகாப்பு ஆணைக்குழுவில் அங்கம் பெற்ற மேரி காலின்ஸ் அம்மையார், வத்திக்கான் அலுவலகங்கள் ஒத்துழைக்க மறுப்பதைச் சகியாமல் 2017 மார்ச்சில் விலகினார். அந்த விலகல், அவர் அங்கேயே இருந்து சாதித்திருக்கக்கூடியதைக் காட்டிலும் அதிகம் சாதித்தது என்றுகூடத் தோன்றுகிறது. பாப்பரசரின் 2019 மே மாதத்துச் சட்டம், ஒவ்வொரு மேற்றிராசனமும் முறைப்பாடுகளைப் பெறுவதற்கு எவரும் எளிதில் அணுகக்கூடிய ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்றும், மேற்றிராணிமாரும் விசாரணைக்கு உட்பட்டவரே என்றும், முறையிட்டவர்மீது மௌனக் கட்டளை விதிக்கலாகாது என்றும் விதித்தது. 1975இல் சிறுவனிடம் வாங்கிய பிரமாணத்தை நேரே மறுக்கும் இந்தக் கடைசி விதி வருவதற்கு நாற்பத்துநான்கு ஆண்டுகள் சென்றன. அதே ஆண்டு டிசம்பரில் இவ்வழக்குகளின்மீதிருந்த பாப்பரசரின் இரகசியக் காப்பும் நீக்கப்பட்டது. உலகத் திருச்சபை முழுமைக்கும் உரிய இச்சட்டங்கள் தமிழ்நாட்டு மேற்றிராசனங்களையும் கட்டுப்படுத்துபவை. அதன்மேலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது. தெரிவியாத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அயர்லாந்து 2017இல் எட்டிய இடத்தில் நம் நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு மேற்றிராசனத்தின் கோப்புகளையும் புரட்டிப் பார்த்துப் பகிரங்கமாக எழுதும் எலியட்டைப் போன்றவருக்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த இடத்தை மேற்றிராணிமார் தாமே விரும்பித் தந்தாலன்றி அது உண்டாகாது.

அயர்லாந்திலும் கணக்கு முடிந்துவிடவில்லை. துறவற சபைகள் நடத்திய பள்ளிகளைப் பற்றி அரசாங்கம் மேற்கொண்ட பூர்வாங்க விசாரணையின் அறிக்கை 2024 செப்டம்பரில் வெளிவந்தபோது, அச்சபைகளின் சொந்தப் பதிவேடுகளிலிருந்தே 308 பள்ளிகளைச் சேர்ந்த 2,395 குற்றச்சாட்டுகள், 884 பேர்மீது சாட்டப்பட்டவை, தெரியவந்தன. அவற்றுள் 590 குற்றச்சாட்டுகள் பதினேழே பதினேழு விசேஷப் பள்ளிகளிலிருந்து எழுந்தவை. நேர்ந்ததைச் சொல்லவும் சொல்லியதை நம்பவைக்கவும் மற்றப் பிள்ளைகளைவிடப் பன்மடங்கு அரும்பாடு படவேண்டிய பிள்ளைகள் பயின்ற இடங்கள் அவை. பங்குப் பிரதிநிதியின் தொலைபேசி எண்ணும், வாசலில் ஒட்டிய அறிக்கையும், தானே படித்துத் தானே பேசவல்ல குழந்தையை மனத்திற்கொண்டு அமைந்தவை. சைகை மொழி அறிந்த விசாரணையாளர், சொல்லாலன்றி நடத்தையால் துன்பத்தைத் தெரிவிக்கும் பிள்ளையை உணரப் பயின்ற பணியாளர், அறிவிப்பின்றி எந்நேரமும் உள்ளே வந்து பிள்ளையோடு தனித்து இருக்க உரிமை பெற்ற பரிசோதகர் ஆகியோர் இன்றி, அப்பதினேழு பள்ளிகளைப் போன்ற இடங்களுக்கு இன்றுள்ள ஏற்பாடுகள் எட்டா. அவ்வறிக்கையின் பரிந்துரைப்படி, முழு அதிகாரமுள்ள விசாரணை ஆணைக்குழு ஒன்றை அமைக்க ஐரிஷ் அரசாங்கம் அவ்வாண்டிலேயே இசைந்தது.